மார்ட்கேஜில் ஒரு டி உண்டு

கண்ணு,

நீ அனுப்பிய வீட்டுப் பத்திரத்தின் படத்தைப் பெரிதாக்கி அம்மாவிடம் காட்டினேன். பின்னால் கொஞ்சம் மண் தரை இருக்கிறது என்றதும் கறிவேப்பிலை வருமா என்று கேட்டாள். அந்தக் குளிரில் வராது என்றேன். கையெழுத்து உன்னுடையது மட்டும்தான் இருந்தது. அவள் கவனிக்கவில்லை, கண்ணாடி போடாமல் பார்த்தாள். நான் போட்டிருந்தேன்.

பெருமையாகத்தான் இருக்கிறது. நம் வீட்டில் பெண்பிள்ளை பெயரில் பத்திரம் வருவது இதுதான் முதல் தடவை. வேலை வேலை என்று ஓடாமல் நேரத்துக்குச் சாப்பிடு.

மார்ட்கேஜ் என்று பெரிய எழுத்தில் இருக்கிறதே, அந்த நடு டி-யை யாரும் உச்சரிப்பதில்லை. பழைய பிரெஞ்சில் மோர் என்றால் செத்தது, கேஜ் என்றால் ஈடு. செத்த ஈடு! பணம் கட்டாவிட்டால் சொத்து வைத்தவனுக்குச் செத்தது, கட்டி முடித்தால் ஈடு வாங்கியவனுக்குச் செத்தது என்று பழைய சட்டப் புத்தகங்கள் விளக்கம் சொல்கின்றன. எனக்கு அடமானம் என்றால் உன் சித்தப்பா முகம்தான் ஞாபகம் வரும். நீ இதை எத்தனை வருஷம் கட்ட வேண்டும்? நீங்கள் என்று எழுத வந்தேன்.

ரிட்டயர் ஆன பிறகு இதே வேலையாகப் போய்விட்டது. எந்த இங்கிலீஷ் சொல்லைத் தோண்டினாலும் அடியில் பிரெஞ்சு இருக்கிறது. ரிட்டயரும் அதுதான். பெரும்பாலும் 1066 அக்டோபர் 14 செய்த வேலை. பிரான்ஸ் பக்கம் நார்மண்டியிலிருந்து வில்லியம் படையோடு இங்கிலாந்துக்கு வந்து ஜெயித்தான். அதற்கப்புறம் முந்நூறு வருஷத்துக்குப் பக்கம் அரண்மனையிலும் கோர்ட்டிலும் பிரெஞ்சு. ஹேஸ்டிங்ஸ் பக்கம் அந்தச் சண்டை நடந்த இடத்துக்கு நீங்கள் இருவரும் போய் எடுத்த போட்டோவைப் பீரோ கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். அந்த ஊர் பெயரே பேட்டில். அதுவும் பிரெஞ்சுச் சொல். அந்தப் போட்டோவில் மாப்பிள்ளை உன் தொப்பியைப் போட்டுக்கொண்டு நிற்பார்.

கோர்ட் கதை இன்னும் வேடிக்கை. தன் மேல் என்ன வழக்கு என்றே புரியாமல் ஜனங்கள் நிற்கிறார்கள் என்று 1362-ல், மூன்றாம் எட்வர்ட் காலத்தில், இனி ஆங்கிலத்தில்தான் வாதாட வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டத்தையே பிரெஞ்சில்தான் எழுதினார்கள்! ஜட்ஜ், ஜூரி, அட்டர்னி எல்லாம் இன்றைக்கும் பிரெஞ்சாகவே நிற்கின்றன. கோர்ட்டுக்கும் நமக்கும் என்ன வேலை, விடு.

சொந்தபந்தச் சொற்களைப் பார். அங்கிள், ஆன்ட், நெஃப்யூ, நீஸ், கசின் எல்லாம் பிரெஞ்சு. சித்தப்பா, பெரியப்பா, மாமா என்று நாம் பிரித்துப் பிரித்துச் சொல்வதை அவர்கள் ஒரே அங்கிளில் அடைத்துவிட்டார்கள். ஃபாதர், மதர், சன், டாட்டர் மட்டும் பழைய ஆங்கிலம், யார் வந்தும் அசையவில்லை. வெட்டிங் பழசு, மேரேஜ் பிரெஞ்சு. அது முறிந்தால் சொல்கிற சொல்லும் பிரெஞ்சுதான், அதை எழுதப் பேனா வரவில்லை. ஹஸ்பெண்ட் என்பது வைக்கிங்குகள் கொண்டுவந்தது. வீடும் அதில் குடியிருப்பவனும் சேர்ந்த சொல் அது.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். பொங்கலிலிருந்து வீடியோவில் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வேலை அதிகம் என்றாய். சரி.

உன்னைக் குறை சொல்லவில்லை. நீ எதையும் வாய்விட்டுச் சொல்வதில்லை என்று அம்மா புலம்புவாள், நானும் சேர்ந்து புலம்புவேன். ஆனால் ஏழாம் வகுப்பில், என் கிளாஸிலேயே நீ எழுந்து நின்று கேட்டாய்: "சார், உயிரோடு இருந்தால் கௌ, தட்டில் வந்தால் பீஃப், ஏன் சார்?" பள்ளிக்கூடத்தில் அப்பா என்று கூப்பிடக் கூடாது என்று நான்தான் சொல்லியிருந்தேன். அதிகப்பிரசங்கி என்று பெஞ்சு மேல் ஏறி நிற்கச் சொன்னேன். மணி அடிக்கும் வரை நின்றாய். வலது காலில் செருப்பு வார் அறுந்திருந்தது.

எனக்குப் பதில் தெரியாது கண்ணு. தெரியாது என்று நாற்பது பிள்ளைகள் முன்னால் சொல்ல வாய் வரவில்லை. மாட்டை மேய்த்தவன் ஆங்கிலேயன், அதனால் கௌ. கறியைத் தின்றவன் பிரெஞ்சு பேசிய துரை, அதனால் பீஃப். வால்டர் ஸ்காட் 1819-ல் ஐவன்ஹோ நாவலில் எழுதி இதை ஊரறியச் செய்தார். இதிலும் கொஞ்சம் ஜோடனை உண்டு, ஒரு காலத்தில் உயிருள்ள மாட்டையும் பீஃப் என்று சொல்லியிருக்கிறார்கள். உனக்கு இதைச் சொல்ல ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. அன்றைக்கு அப்புறம் வீட்டிலும் நீ என்னை ஒன்றும் கேட்டதில்லை. அடக்கமான பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

செவலை கன்று போட்டிருக்கிறாள், கிடாரி. முன்பக்க அறைக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது, கட்டில் அப்படியே இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நம் நேரம் ஐந்து மணிக்கு அம்மா கோயிலுக்குப் போய்விடுவாள். ஏழு வரை நான் மட்டும்தான் இருப்பேன். போன் பண்ணு.

அப்பா