மழை தொடங்குமுன் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம்.

தவணைப் பரீட்சை பற்றிய அறிவித்தலைப் பிள்ளைகளிடம் தனியாகக் கொடுத்திருக்கிறேன். இந்தக் கடிதம் மழை பற்றியது. ஐப்பசி, கார்த்திகை மழை நெருங்கிவிட்டது. இரவில் நம் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளின் கூரைத்தகரத்தில் மழை அடிக்கும்போது உங்களில் பலர் தூங்குவதில்லை என்பது எனக்குத் தெரியும். நானும் லயத்தில் பிறந்து வளர்ந்தவன்தான்.

போன வருட மழையில் நடந்ததைச் சொல்கிறேன். தரம் 6 பிள்ளை ஒருத்தியின் தண்ணீர்ப் போத்தல் மேசையில் இருந்தது. உள்ளே சாயத்தண்ணி நிறத்தில் தண்ணீர். தேத்தண்ணியா என்று கேட்டேன். "இல்ல சேர், மலை ஊத்துப் பீலித் தண்ணி. ரெண்டு நாளா இப்படித்தான் வருது. யாருக்கிட்டயும் சொல்ல வேணாமுன்னு அம்மா சொன்னாங்க" என்றாள். அன்று பின்னேரமே கிராம உத்தியோகத்தரைக் கூட்டிக்கொண்டு மேலே ஏறினேன். பீலிக்கு மேலே தேயிலைக்குள் நிலம் வெடித்திருந்தது. என் கை மணிக்கட்டு வரை அந்த வெடிப்புக்குள் போனது. அந்த லயத்துக் குடும்பங்கள் மூன்று இரவுகள் நம் பாடசாலை மண்டபத்தில் படுத்தன. மலை இறங்கவில்லை. "ஒன்றும் நடக்கவில்லையே சேர், மூன்று நாள் பேர் விழாமல் சம்பளம் போனதுதான் மிச்சம்" என்று சிலர் என்னிடம் சொன்னார்கள். அப்படிச் சொல்ல எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். அது எனக்குப் போதும்.

அந்த அம்மா மேல் எனக்குக் கோபமில்லை. சொன்னால் வீட்டை விட்டுப் போகச் சொல்வார்கள், போனால் பேர் போகும், பேர் போனால் கடைக் கணக்கு ஏறும். அந்தப் பயத்தின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் பிள்ளையின் வாயை மட்டும் அடைக்காதீர்கள். மலையடியில் நடக்கும் மாற்றம் பெரும்பாலும் தண்ணீர் எடுக்கப் போகும் பிள்ளையின் கண்ணில்தான் முதலில் படுகிறது.

பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2014 ஒக்டோபர் 29 காலை அங்கே மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் சிலர் அன்றே தாய் தகப்பனை இழந்தார்கள். அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. மாற்று இடம் கிடைக்காத சனம் அங்கேயே இருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை மாவட்டங்களில் எத்தனை இடங்களில் மண் சரிந்தது என்பதை நாம் கண்ணாலேயே பார்த்தோம்.

மலை பெரும்பாலும் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். தெளிவாக ஓடிய ஊற்று கலங்கும், அல்லது திடீரென்று நின்றுபோகும். இதுவரை இல்லாத இடத்தில் தண்ணீர் கசியும். சவுக்கு மரமும் மின்கம்பமும் ஒரு பக்கம் சாயும். சுவரில் புது வெடிப்பு விழும். நேற்றுவரை நன்றாகச் சாத்திய கதவு இன்று இறுகும். கதவைப் பலர் பெரிதாக எடுப்பதில்லை, மழைக்கு மரம் ஊதிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். மழைநாளில் கதவு இறுகினால் சுவரையும் தரையையும் ஒருமுறை பாருங்கள். லயத்துக்குப் பின்னால் உள்ள வடிகானில் குப்பை அடைத்திருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள். ஓட வழியில்லாத தண்ணீர் மண்ணுக்குள்தான் இறங்கும்.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை மூன்று நிறத்தில் வரும். மஞ்சள் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும். செம்மஞ்சள் என்றால் மூட்டை கட்டித் தயாராக இருக்க வேண்டும். சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும். ஒன்றை நன்றாகக் கவனியுங்கள்: எச்சரிக்கை பிரதேச செயலகப் பிரிவின் பெயரில்தான் வரும், தோட்டத்தின் பெயரில் வராது. வானொலியில் தோட்டத்தின் பெயர் வரவில்லை என்று இருந்துவிடாதீர்கள். நம் பிரதேச செயலகப் பிரிவின் பெயரைப் பிள்ளைகள் எல்லோரும் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள்.

தரம் 9 பிள்ளைகள் பெரிய பிளாஸ்டிக் போத்தலை வெட்டி, அடியில் சிறு கல் நிரப்பி, மில்லிமீற்றர் அடிமட்டம் ஒட்டி மழைமானி செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு லயத்துக்கும் ஒன்று வரும். காலை எட்டரைக்குப் பார்த்து எழுதிவிட்டு, கல்மட்டத்துக்கு மேலே உள்ள தண்ணீரை வெளியே ஊற்றிவிட வேண்டும். 24 மணித்தியாலத்துக்குள் 75 மில்லிமீற்றர் ஏறினால் கண்ணும் காதும் விழிப்பாக இருக்கட்டும். 100 ஏறினால் சாமான் கட்டுங்கள். 150 ஏறினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினால், யாரும் வந்து சொல்லும்வரை காத்திருக்காமல் இறங்கி வந்துவிடுங்கள்.

எல்லோர் அடையாள அட்டையும், பிறப்புச் சான்றிதழ், கிளினிக் கொப்பி, பிள்ளையின் சுகாதாரப் புத்தகம், அஸ்வெசும உதவிப்பணக் கடிதம், ஊழியர் சேமலாப நிதிப் பத்திரமும் ஒரு பொலித்தீன் பைக்குள் கதவோரம் தொங்கட்டும். சாதாரண தரப் பரீட்சைக்கு இருக்கும் பிள்ளைகளின் அடையாள அட்டை கட்டாயம் அதில் இருக்க வேண்டும்.

இடர் முகாமைத்துவ நிலையத்தை 117இல் அழைக்கலாம். அவசர அம்புலன்ஸ் 1990, அதற்குக் காசில்லை. மழை நின்ற பிறகும் சில பிள்ளைகள் தூக்கத்தில் அலறுகிறார்கள், மேகம் கறுத்தாலே அழுகிறார்கள். அது பிடிவாதம் இல்லை, தயவுசெய்து அடிக்காதீர்கள். வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள், அல்லது மனநல உதவிக்கு 1926ஐ அழையுங்கள். அது பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, உங்களுக்கும்தான். பிள்ளைக்கு யாராலும் தீங்கு நேர்ந்தால் 1929.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கொழுந்து நிறுத்து முடிந்ததும் மண்டபத்துக்கு வாருங்கள். கிராம உத்தியோகத்தரும் வருகிறார். வேலை உடுப்போடு வரலாம், கைப்பிள்ளையோடும் வரலாம். எந்த லயத்தார் எந்தப் பாதையால் இறங்குவது, நடக்க முடியாத பெரியவர்களை யார் தூக்குவது என்று பெயர் சொல்லி எழுதிக்கொள்வோம்.

மண்டபத்துக்கு மூன்று சாவிகள். ஒன்று என்னிடம், ஒன்று காவலாளியிடம், மூன்றாவது கோயில் பூசாரி வீட்டில். நடுச்சாமமானாலும் வந்து தட்டுங்கள்.

அன்புடன்,
அதிபர்