சைக்கிள் வாங்கும் பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், அப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது. நீ வாங்க நினைத்து அனுப்பிய இரண்டு சைக்கிள் படங்களையும் நம் சைக்கிள் ரிப்பேர் கடையில் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தோம். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். எழுதி அனுப்பினால் கடையில் நிற்கும்போது எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். இதில் பாதி அப்பா சொன்னது, மீதி கல்லாவில் உட்கார்ந்து நான் பார்த்தது.

முதலில் அந்த 14,000 ரூபாய் சைக்கிள். முன்னால் ஸ்பிரிங், நடுவில் ஸ்பிரிங், தடித்த டயர், இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், 21 கியர். பார்க்க ஜோர்தான். ஆனால் வேண்டாம். 14,000 ரூபாய்க்குள் இத்தனையும் கொடுக்கிறார்கள் என்றால் கை வைத்திருப்பது கண்ணுக்குத் தெரியாத இடங்களில்தான்: சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப், பேரிங், அச்சு, ஸ்போக்ஸ், செயின். பத்தாவது, பதினொன்றாவது படிக்கும் பையன்கள் இந்த மாதிரி சைக்கிளைத்தான் நம் கடைக்குத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். சீட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பின் சக்கரத்தை இடமும் வலமுமாக அசைத்தால், நடுவில் ஃபிரேம் மடங்குகிற இடத்தில் புஷ் தேய்ந்து "கடக் கடக்" என்று ஆடும். மாற்றலாம் என்றால் அந்த அளவு புஷ் கிடைக்காது. அப்பா லேத்தில் கடைந்து வாங்கிப் போட்டுக் கொடுப்பார், அது நாலு மாதம் தாங்கும். மிதிக்கிற மிதியில் பாதி ஸ்பிரிங்கை அமுக்கவே போய்விடுகிறது என்று அந்தப் பையன்களே சொல்கிறார்கள்.

முன்னால் மட்டும் ஸ்பிரிங் இருந்தால் பரவாயில்லையா என்று கேட்பாய். நீ போகப் போவது திருவான்மியூரிலிருந்து ஈசிஆர் ரோட்டில் முட்டுக்காடு வரை, மிஞ்சினால் மாமல்லபுரம். எல்லாம் தார் ரோடு. விலை குறைந்த ஃபோர்க்கில் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) வெறும் கம்பிச் சுருள்தான் இருக்கும். சுருங்குவதையும் விரிவதையும் கட்டுப்படுத்த உள்ளே ஒன்றும் இருக்காது. கனமோ 2 கிலோவுக்கு மேல். கடற்காற்றில் அந்தக் குழாய் துருப்பிடித்துவிட்டால் அப்புறம் ஸ்பிரிங் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். கடையில் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை ஒரு தடவை அழுத்தி விட்டுப் பார். கட்டில் மெத்தை மாதிரி மேலும் கீழும் ஆடினால் அந்தப் பக்கமே போகாதே.

இதில் ஒரு வேடிக்கை. மவுண்டன் பைக் என்ற வகையே 1970களில் அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் மாரின் பகுதியில் உருவானதாம். அப்பா யூடியூபில் பார்த்துவிட்டு வந்து சொன்னார். தடித்த டயர் போட்ட பழைய சைக்கிள்களை மலைக்கு ஏற்றி மண்பாதையில் கீழே விட்டிருக்கிறார்கள். பின் ஹப்புக்குள்ளேயே இருந்த பிரேக் சூடேறி, கிரீஸ் முழுக்கப் புகையாகப் போய்விடுமாம். ஒவ்வொரு தடவை இறங்கிய பிறகும் ஹப்பைக் கழற்றிப் புது கிரீஸ் அடைக்க வேண்டும் என்பதால் அந்தப் பாதைக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்துவிட்டது. அந்த சைக்கிள்களில் ஸ்பிரிங் ஃபோர்க் கிடையாது, அதெல்லாம் பல வருடம் கழித்து வந்தது. மலையில் இறங்கினவர்களுக்கே தேவைப்படாதது, பாலவாக்கத்தைத் தாண்டுவதற்கு உனக்கு எதற்கு? (கிரீஸ் கதையைச் சொல்லும்போது அப்பா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.)

ஆகவே உன் இரண்டாவது படம், ரோட்டு சைக்கிளும் மவுண்டன் பைக்கும் கலந்த அந்த ஹைப்ரிட் தான் சரி. ஸ்பிரிங் இல்லாத நேர் ஃபோர்க், 700 சக்கரம். 700 என்றும் 29 என்றும் இரண்டு கணக்கில் எழுதியிருப்பார்கள், குழம்பாதே. இரண்டுக்கும் ரிம் அளவு ஒன்றே, 622 மில்லிமீட்டர். டயர் அகலம்தான் வேறு. உனக்கு 35-லிருந்து 40 மில்லிமீட்டர் வரை போதும். ஈசிஆர் ஓரத்தில் மணல் கிடக்கும், லாரிக்கு ஒதுங்கும்போது அதில்தான் இறங்குவாய், அதனால் ரேஸ் சைக்கிள் மாதிரி ஒல்லி டயர் வேண்டாம். பெரிய பெரிய பட்டன் வைத்த டயரும் வேண்டாம். தார் ரோட்டில் ஊம் என்று சத்தம் போடும், காலையும் சீக்கிரம் ஓயவைக்கும்.

கியர் எத்தனை என்று எண்ணிப் பார்த்து வாங்காதே. முன்னால் 3 பல்சக்கரம், பின்னால் 7, பெருக்கினால் 21, அவ்வளவுதான் கணக்கு. அதில் பாதி கிட்டத்தட்ட ஒரே அளவாக ஒன்றன் மேல் ஒன்றாக வரும். சென்னையில் ஏற்றம் என்றால் மேம்பாலம், இல்லாவிட்டால் பரங்கிமலை. முன்னால் ஒன்று, பின்னால் 7 அல்லது 8 இருந்தாலே தாராளம், முன் கியர் ஒயர் தொல்லையும் மிச்சம். கியரில் ஷிமானோ டூர்னி என்று போட்டிருந்தால் அது ஷிமானோ கம்பெனியின் கீழ்ப்படி சாமான். ஞாயிற்றுக்கிழமை ஓட்டுகிறவளுக்கு அது போதும். ஆல்டஸ் அதற்கு ஒரு படி மேல், அதே விலையில் கிடைத்தால் எடுத்துக்கொள்.

பிரேக்கில் எனக்கும் அப்பாவுக்கும் ஒத்துவரவில்லை. மழைக்கு டிஸ்க் நல்லது என்கிறார் அவர். உண்மைதான். ஆனால் ஒயரில் இழுக்கிற மலிவு டிஸ்க்கின் தட்டு, சைக்கிளை ஸ்டாண்டில் இன்னொரு வண்டியோடு இடித்து நிறுத்தினாலே லேசாக வளைந்துவிடும். அப்புறம் சுற்றுக்கு ஒரு தடவை "சிக்… சிக்…" என்று உரசும். தெருமுனைக் கடைக்காரருக்கு அதைச் சரிசெய்யப் பொறுமை இருக்காது. ரிம்மை இரண்டு பக்கமும் ரப்பர் கட்டையால் பிடிக்கிற வி-பிரேக் என்றால் கட்டை தேய்ந்தால் யார் வேண்டுமானாலும் மாற்றிவிடுவார்கள். ரிம் மட்டும் அலாய் (அலுமினியம்) ஆக இருக்கவேண்டும். இரும்பு ரிம்மில் மழைத்தண்ணீர் பட்டால் பிரேக் பிடிக்கவே பிடிக்காது. என் ஓட்டு வி-பிரேக்குக்கு. முடிவு உன் இஷ்டம்.

இப்போது உயரம். விற்கிறவர்கள் கையில் இருக்கிற அளவைத்தான் தள்ளிவிடப் பார்ப்பார்கள், "பழகிடும் மேடம்" என்பார்கள். பழகாது. 1991-ல் புதுக்கோட்டைக்கு அறிவொளி எழுத்தறிவு இயக்கம் வந்தது, அப்போது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். கல்குவாரியில் வேலை பார்த்தவர்கள்கூட சைக்கிளில் போக ஆரம்பித்த காலம் அது. கடைகளில் லேடீஸ் சைக்கிள் தீர்ந்துபோய், பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். முன் பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று அதையே கேட்டு வாங்கினவர்களும் உண்டு. நானும் அப்படி ஒரு உயர சைக்கிளில்தான் கற்றேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கால் எட்டாமல், பெரியவள் ஆன பிறகும் குரங்குப் பெடல். எங்களுக்கு வேறு வழி இல்லை. உனக்கு இருக்கிறது.

உன் 158 சென்டிமீட்டர் உயரத்துக்கு எஸ் (சின்ன சைஸ்) என்று போட்ட ஃபிரேம் கேள். செருப்போ ஷூவோ, ஓட்டும்போது போடுவதைப் போட்டுக்கொண்டு, சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் ஓடும் பாரின் இரண்டு பக்கமும் கால் ஊன்றி நில். பாருக்கும் உடம்புக்கும் நடுவில் இரண்டு மூன்று விரற்கடை இடைவெளி வேண்டும். இல்லையென்றால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் விட்டுவிடு. சீட்டை ஏற்றும்போது பெடலைக் கீழே கொண்டுவந்து குதிகாலை அதன்மேல் வை. முழங்கால் மடங்காமல் நேராக நின்றால் அதுதான் உன் உயரம். சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும் என்று தாழ்த்தி ஓட்டுகிறவர்கள்தான் முழங்கால் வலிக்குத் தைலம் தேடுகிறார்கள்.

ஆன்லைனில் 2,000 குறைவு என்று எழுதியிருந்தாய். பெட்டியில் வந்தால் பெடலும் ஹேண்டில்பாரும் நீதான் மாட்டவேண்டும். இடது பெடலுக்கு மரை தலைகீழ், இடப்பக்கம் திருப்பினால்தான் இறுகும். தெரியாமல் வலப்பக்கமே அழுத்தித் திருப்பி, பெடல் மாட்டுகிற கிராங்கின் மரையை வழித்துக்கொண்டு வந்தவர்கள் ஏராளம். அப்புறம் கிராங்கையே மாற்றவேண்டியதுதான். மிச்சம் பிடித்த 2,000 எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கடையில் வாங்கினால் முதல் சர்வீஸ் உண்டா என்று கேள். புது ஒயர் ஒரு மாதத்தில் தளரும், ஸ்போக்ஸும் கொஞ்சம் தளரும். சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துக் கொடுப்பார்களா என்று கேட்டுக்கொண்டு பணம் கட்டு. 2025 செப்டம்பரில் சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. பில்லில் அதைப் பார்.

செகண்ட் ஹேண்டும் யோசி. ஊரடங்கு நேரத்தில் ஆளாளுக்கு வாங்கி, இப்போது அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் தூசி படிந்து நிற்கும் நல்ல சைக்கிள்கள் உன் வளாகத்திலேயே இருக்கும். டயர் ஓரம் வெடித்திருந்தால் பயப்படாதே, டயர் மாற்றிக்கொள்ளலாம். ஃபிரேமின் வெல்டிங் ஓரத்தில் பெயின்ட் மயிரிழை அளவு விரிந்திருந்தால் மட்டும் தொடாதே.

நீ சொன்ன 20,000-ஐ முழுதாக சைக்கிளில் போட்டுவிடாதே. 3,000 எடுத்து வை: ஹெல்மெட், பின்னால் சிவப்பு லைட், பூட்டு, கைப்பம்பு. விடிவதற்கு முன் ஈசிஆரில் கார்கள் வருகிற வேகம் எனக்குத் தெரியும், லைட் இல்லாமல் இறங்காதே. பம்பு வாங்கும்போது வால்வைப் பார்த்து வாங்கு. நம் பழைய வால்டியூப் இதில் கிடையாது. ஸ்கூட்டர் மாதிரி வால்வு என்றால் பெட்ரோல் பங்க்கிலேயே காற்று அடிக்கலாம். ஒல்லி வால்வு என்றால் சின்ன அடாப்டர் ஒன்று கைவசம் இருக்கட்டும். காற்று எவ்வளவு என்று டயர் ஓரத்திலேயே எழுதியிருக்கும். செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதே. சிரிக்காதே, நேற்றுக்கூட ஒருவர் விட்டுக்கொண்டு வந்தார். கடல் பக்கம் போய் வந்த நாளில் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, செயினுக்கான ஆயிலை இரண்டு சொட்டு விடு.

பணம் கட்டுவதற்கு முன் அந்த ஹைப்ரிட்டின் பின் சக்கரத்தையும் கியரையும் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பு, அப்பா பார்க்க வேண்டுமாம். 15-ஆம் நம்பர் பெடல் ஸ்பேனரைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார், அடுத்த தடவை வரும்போது கொண்டுவருவார். சனிக்கிழமை கடைக்குப் போவதாக இருந்தால் காலையிலேயே போ, சாயந்திரக் கூட்டத்தில் ஓட்டிப் பார்க்க விடமாட்டார்கள்.

இப்படிக்கு,
அம்மா