சான்றோர் மெய்ம்மறை

அன்புள்ள கயல்,

குண்டு துளைக்காத பி.பி. ஜாக்கெட்டுக்குத் தமிழில் என்னப்பா பேர் என்று கேட்டாய். கவசம் என்றேன். இங்கே இந்திக்காரர்களும் கவச்னுதானே சொல்றாங்க, நம்ம சொல் கிடையாதா என்றாய். அதற்குள் லைன் போய்விட்டது. இங்கே அம்பத்தூரில் காலையிலிருந்து மழை, அதனால் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கவசம் வடமொழிச் சொல்தான். ஆனால் நேற்று வந்ததில்லை. புறநானூற்றின் 13ஆம் பாட்டில், யானைமேல் வரும் சோழன் கோப்பெருநற்கிள்ளியை 'புலிநிறக் கவசம் பூம்பொறி சிதைய' என்று முடமோசியார் காட்டுகிறார். புலித்தோல் கவசம் அது. அம்புகள் அதைச் சிதைத்து மார்பையும் கிழித்திருக்கின்றன. அந்தக் காலத்தில் கேடயத்துக்கே 'தோல்' என்றுதான் பேர்.

நீ கேட்ட நம்ம சொல் பதிற்றுப்பத்தில் இருக்கிறது: மெய்ம்மறை. மெய் என்றால் உடம்பு, அதை மறைப்பது மெய்ம்மறை. பழைய உரைகாரர் இதற்கு 'மெய்புகு கருவி' என்று பொருள் எழுதுகிறார், உடம்பு உள்ளே புகுந்துகொள்ளும் கருவி. நீ தலைவழியாக மாட்டிக்கொள்வதற்கு இதைவிடப் பொருத்தமாக என்ன சொல்ல முடியும்!

ஆனால் 14ஆம் பாட்டில் குமட்டூர்க் கண்ணனார் இந்தச் சொல்லால் குறிப்பது உடுப்பை இல்லை, ஆளை. சேர அரசன் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதனையே 'சான்றோர் மெய்ம்மறை' என்கிறார். சான்றோர் என்றால் இங்கே போர்வீரர்கள். சண்டையில் அவர்களுக்கு முன்னால் போய் நிற்பதால் அரசனே அவர்களுக்குக் கவசம். ஆறாம் பத்தில் காக்கைபாடினியார் நச்செள்ளையாரும் தன் சேரனை இப்படியே அழைக்கிறார்.

எத்தனையோ வருஷம் வகுப்பில் நடத்திய வரி. உனக்குக் கீழே முப்பது பேர் என்று நீ சொன்னதிலிருந்து அதைப் படித்தால் பெருமையாக இருக்கிறது, வயிற்றைக் கலக்கவும் செய்கிறது. முன்னால் நிற்காதே என்று சொல்ல மாட்டேன், அது உன் வேலை. ஆனால் கனம், புழுக்கம் என்று ஜாக்கெட்டைக் கழற்றி வைக்காதே, கண்ணு. கவசத்தை அறுத்துக் கொடுத்த கர்ணன் கதையை நீ சின்ன வயதில் கேட்டு அழுதிருக்கிறாய். எனக்கு இப்போதும் அது தாங்காது.

உள்ளே போட்டுக்கொள்ள அம்மா பருத்தி பனியன் நாலு பார்சல் போட்டிருக்கிறாள். அளவு சரியா என்று பார்த்துச் சொல்.

அன்புடன்,
அப்பா