டிபி சான்று: மூன்றாம் நாள் தடிப்பை யார் அளப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜூன் மாதச் சேர்க்கையில் கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கத்துச் சபுராளி (பிழைப்புக்கு வெளிநாடு போனவர்) வீட்டுப் பிள்ளைகள் துபாய், சவுதி, மலேசியா பள்ளிகளின் டி.சி.யோடு வந்து நிற்பார்கள். இவர்களிடம் 'டிபி (காசநோய்) இல்லை' என்று பள்ளிகள் சான்று கேட்கலாம்தான். ஆனால் எந்தச் சோதனை எதைச் சொல்லும் என்று தெரிந்து கேட்க வேண்டும்.

வெளிநாட்டு மாணவருக்கு டிபி பரிசோதனை என்பது அந்நோய் குறைந்த நாடுகளின் வழக்கம். ஆறு மாதத்துக்கு மேல் தங்கப் போகும் இந்தியரிடம் பிரிட்டன் விசாவுக்கே அந்தச் சான்றைக் கேட்கிறது. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நாலில் ஒருவர் நம் நாட்டில்தான் இருக்கிறார். வளைகுடாப் பிள்ளையோ நோய் குறைந்த ஊரிலிருந்து மிகுந்த ஊருக்கு வருகிறது. சேர்க்கை நாளில் வாங்கிய தாள், வீட்டில் இருமிக்கொண்டிருக்கும் தாத்தாவின் பக்கத்தில் படுக்கும் பிள்ளைக்கு என்ன செய்யும்?

சான்றுக்காகப் பலரும் நாடுவது மாண்டூ ஊசி, அதாவது டிபிக் கிருமி உடம்புக்குள் போயிருக்கிறதா என்று பார்க்கும் தோல் சோதனை. முன்கையின் உட்புறம், தோலுக்குள்ளேயே 0.1 மில்லி போட வேண்டும். சரியாகப் போட்டால் 6 முதல் 10 மி.மீ. அகலத்துக்கு வெளுத்த கொப்புளம் எழும்பும். எழும்பாவிட்டால் மருந்து ஆழத்தில் இறங்கிவிட்டது, மறுபடி போட வேண்டும். 48 மணி நேரம் கழித்து, 72 மணிக்குள், ஊசி போட்ட இடத்துத் தடிப்பை அளந்தாக வேண்டும். வியாழக்கிழமை போட்டுவிட்டு சனி, ஞாயிறில் யாரைத் தேடுவது? அளக்கும்போதும் சிவப்பை அளந்துவிடுகிறார்கள். சிவப்பு கணக்கில்லை. விரலால் தடவி, கெட்டித்த தடிப்பின் இரு ஓரத்திலும் பேனாவால் புள்ளி வைத்து, கைக்குக் குறுக்காக ஸ்கேல் பிடிக்க வேண்டும்.

10 மி.மீ.யோ அதற்கு மேலோ இருந்தால் பாசிட்டிவ். கிருமி உடம்புக்குள் போயிருக்கலாம் என்பதே அதன் பொருள், நோய் என்பதல்ல. பி.சி.ஜி. என்ற டிபி தடுப்பூசி போட்ட பிள்ளையின் கையும் தடிக்கலாம். சத்துக் குறைந்த பிள்ளைக்கும், அண்மையில் தட்டம்மை கண்ட பிள்ளைக்கும் நோய் இருந்தும் தடிக்காமல் போகும். சேர்க்கைக்காக எம்.எம்.ஆர். (தட்டம்மை முதலியவற்றுக்கான தடுப்பூசி) போட்டிருந்தால் மாண்டூவுக்கு நாலு வாரம் பொறுக்க வேண்டும், இல்லையேல் இரண்டையும் ஒரே நாளில் போட்டுவிட வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் மூன்று கேள்விகள் போதும். இரண்டு வாரமாக இருமலோ காய்ச்சலோ உண்டா? மூன்று மாதத்தில் எடை நூற்றுக்கு ஐந்து பங்கு, அதாவது 20 கிலோ பிள்ளை ஒரு கிலோ, குறைந்ததா? இரண்டு ஆண்டுக்குள் வீட்டில் யாருக்காவது டிபி வந்ததா? ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை. அரசு மருத்துவமனையில் இரண்டும் இலவசம். சின்னப் பிள்ளைகள் சளியைத் துப்பாமல் விழுங்கிவிடுவார்கள். டப்பாவில் வெறும் எச்சில் கொடுத்து வாங்கிய நெகட்டிவ் செல்லாது. விடியற்காலை வெறும் வயிற்றில் மூக்கு வழியே குழாய் விட்டு, இரைப்பை நீரை எடுத்து, டிபிக் கிருமியின் மரபணுவைக் கண்டறியும் ட்ரூநாட் கருவியில் பார்ப்பார்கள்.

மண்டபம் அகதிகள் முகாமுக்கு வரும் இலங்கைப் பிள்ளைகளுக்கும் இதே கேள்விகள்தான்.

நோய் தெரிந்தால் டி.சி. கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். சிறு பிள்ளையிடமிருந்து பிறருக்குப் பரவுவது அரிது. எப்போது வகுப்புக்குத் திரும்பலாம் என்பதை மருத்துவர் சொல்லட்டும். அந்தப் பிள்ளைக்கு நோயைக் கொடுத்த பெரியவர் பெரும்பாலும் வீட்டிலேயே இருப்பார். எக்ஸ்ரே முதலில் அவருக்கு. அதே வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால், நோயில்லை என்று உறுதி செய்துகொண்டு தடுப்பு மாத்திரையைத் தொடங்கச் சொல்லுங்கள்.

— சுகாதாரப் பணியாளர்கள் சிலர்,
இராமநாதபுரம்