சேலைக்கு ஒரு கணக்கு, கொலுசுக்கு வேற கணக்கு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கமுங்க.

நான் இளம்பிள்ளைல இருந்து எழுதறேன். அஞ்சு வருஷமா வாட்ஸ்அப்லயும் இன்ஸ்டாகிராம்லயும் சேலை வித்துட்டு இருக்கேன், சொந்தத் தறி கிடையாது, தறிக்காரங்ககிட்ட சாஃப்ட் சில்க், காட்டன்னு எடுத்து போட்டோ போட்டு கொரியர்ல அனுப்பறதுதான் தொழில். எங்க ஊர்ல இப்படி விக்கறவங்க தெருவுக்கு நாலு பேராவது இருப்பாங்க. புதுசா ஆரம்பிக்கற பொண்ணுங்க எல்லாம் எங்கிட்ட வந்து கேக்கறது ஒண்ணுதான், அக்கா காசு வாங்க எதை வைக்கறது, ஜிபே நம்பரே போதுமா இல்ல ரேசர்பே, கேஷ்ஃப்ரீ மாதிரி பேமென்ட் கேட்வே, அதாவது கஸ்டமர்கிட்ட காசு வாங்கி கமிஷன் பிடிச்சுட்டு நமக்கு அனுப்பற கம்பெனி, எடுக்கணுமான்னு. நான் பதில் சொல்றதுக்குள்ள பக்கத்து வீட்டுக்காரங்க எதை வச்சிருக்காங்களோ அதையே எடுத்துட்டு வந்துடறாங்க. அப்படி எடுக்காதீங்கன்னு சொல்லத்தான் இதை எழுதறேன்.

கணக்கு இப்படிங்க. கேட்வேல பொதுவா 2 சதவீதம்னு சொல்லுவாங்க, ஆனா அந்த கமிஷன் மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி இருக்கு (2,000 ரூபா வரைக்கும் கார்டுல கட்டினா மட்டும் அந்த ஜிஎஸ்டி இல்ல), அப்ப கார்டு இல்லாம கட்டற 1,000 ரூபா சேலைக்கு 23 ரூபா 60 காசு போயிடும். அந்தச் சேலைல தறிக்காரருக்குக் குடுத்து, பாக்கிங் செலவு போக எனக்கு நிக்கறது 120 ரூபாதான், அதுல அஞ்சுல ஒரு பங்கு அங்கயே போச்சு. இது போக, கமிஷன் சேலை விலைக்கு மட்டும் இல்ல, கஸ்டமர் கட்டற மொத்த பில்லுக்கும் பிடிப்பாங்க, அதாவது கொரியர்காரனுக்குப் போற காசு, கவர்மெண்டுக்குப் போற ஜிஎஸ்டி காசு எல்லாத்துக்கும் சேத்து நாமதான் கமிஷன் கட்டறோம். கலர் பிடிக்கலன்னு சேலை திரும்பி வந்து ரீஃபண்ட் போட்டாலும் பிடிச்ச கமிஷன் பெரும்பாலும் திரும்ப வராது.

சேலைக்கே இப்படின்னா கொலுசை நெனச்சுப் பாருங்க. எங்க அக்கா வீட்டுக்காரர் சிவதாபுரத்துல கொலுசுப் பட்டறை வச்சிருக்காரு, அவரும் போன வருஷம் என்னைப் பாத்து அதே கேட்வேயை எடுத்துட்டாரு. 20,000 ரூபாய்க்கு ஒரு ஜோடி கொலுசு போச்சுன்னா அதுல முக்காவாசிக்கு மேல வெள்ளியோட விலை, அவருக்கு நிக்கறது கூலில மிஞ்சற அறுநூறு எழுநூறு ரூபாதான். கேட்வே பிடிச்சது 472 ரூபா! நாலு பேரு உக்காந்து பத்த வச்சு, சலங்கை கோத்து, பாலிஷ் போட்ட வேலைக்கு மிச்சம் நூத்தம்பது எரநூறு ரூபாதான் நிக்குதுங்க. அதனால நான் சொல்றது, வித்த விலைல எத்தனை சதவீதம்னு பாக்காதீங்க, உங்க கைல நிக்கற காசுல எவ்வளவு போகுதுன்னு பாருங்க. அவரு இப்ப பெரிய பில்லுக்கெல்லாம் நேரா பேங்க் அக்கவுண்டுக்கு நெஃப்ட் போடச் சொல்லிடறாரு, நெஃப்ட் 2019 டிசம்பர்ல இருந்து ராத்திரி பகல், லீவு நாளுன்னு இல்லாம எப்பவும் போகுது.

யூபிஐ ஃப்ரீதானேன்னு கேப்பீங்க. 2020 ஜனவரி 1ல இருந்து யூபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் வியாபாரிகிட்ட எம்டிஆர், அதாவது பேங்க்குங்க பிடிக்கற கமிஷன், வாங்கக் கூடாதுன்னு இருக்கு, அது நெசம். ஆனா அதே யூபிஐ காசு கேட்வே வழியா வந்தா ப்ளாட்ஃபார்ம் ஃபீஸ்னு தனியா பிடிக்கற கம்பெனிங்க இருக்கு. என் கஸ்டமர் பத்துல எட்டு பேரு யூபிஐதான் போடறாங்க, அதுக்கும் ரெண்டு சதவீதம் போயிட்டு இருந்ததை நான் எட்டு மாசம் கழிச்சுத்தான் கவனிச்சேன், மனசு ஆறல. சேர்றதுக்கு முன்னாடியே யூபிஐக்கு எவ்வளவு பிடிப்பீங்கன்னு மெயில்ல கேட்டு எழுத்துல வாங்கிக்கங்க. அந்தக் கம்பெனி ரிசர்வ் பேங்க் அனுமதி குடுத்த பேமென்ட் அக்ரிகேட்டர் (வியாபாரிக்காகக் காசு வாங்கித் தர்ற கம்பெனி) லிஸ்ட்ல இருக்கான்னும் பாத்துக்கங்க, ரிசர்வ் பேங்க் வெப்சைட்லயே அந்த லிஸ்ட் இருக்கு.

அப்ப கேட்வேயே வேண்டாமான்னா அப்படியும் சொல்ல மாட்டேன். தீபாவளி சமயத்துல ஒரு நாளைக்கு அம்பது அறுபது ஆர்டர் வரும், ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஸ்க்ரீன்ஷாட்டையும் பேங்க் மெசேஜையும் வச்சு யாரு கட்டினாங்க யாரு கட்டலன்னு பாத்துட்டு உக்காந்திருப்பேன், அதுல ஒருத்தங்க அனுப்பின போலி ஸ்க்ரீன்ஷாட்டை நம்பி மூணு சேலை போயிடுச்சு. பேமென்ட் லிங்க் அனுப்பினா அந்தத் தொல்லை இல்ல, எந்த ஆர்டருக்குக் காசு வந்துச்சுன்னு அதுவே காட்டிடும், கிரெடிட் கார்டுக்காரங்களும் வாங்குவாங்க. ஆனா செட்டில்மெண்ட், அதாவது அந்தக் காசு நம்ம அக்கவுண்டுக்கு வர்றது, எப்பன்னு கேட்டுக்கணும். எனக்கு ரெண்டு வொர்க்கிங் டே கழிச்சுத்தான் வரும், வெள்ளிக்கிழமை ராத்திரி வித்த காசு செவ்வாய்க்கிழமைதான் அக்கவுண்டுக்கு வருது, தறிக்காரருக்கோ சனிக்கிழமை கூலி குடுத்தாகணும். அதுக்குத்தான் இப்ப நான் ரெண்டும் வச்சிருக்கேன், பழைய கஸ்டமருக்கு பேங்க் குடுத்த மெர்ச்சண்ட் க்யூஆர், புது ஆளுக்கும் கார்டு கேக்கறவங்களுக்கும் லிங்க்.

இனி சொல்லப் போறதுதான் ரொம்ப முக்கியமுங்க, கமிஷனை எல்லாம் விட முக்கியம். மொத மூணு வருஷம் நான் வீட்டு சேவிங்ஸ் அக்கவுண்டுலயே, என் சொந்த நம்பர்லயே காசு வாங்கினேன். ஒரு நாள் வெளி மாநிலத்துல இருந்து யாரோ 2,400 ரூபாய்க்கு ரெண்டு சேலை வாங்கினாங்க, நானும் அனுப்பிட்டேன். அது யாரையோ ஏமாத்தி எடுத்த காசாம், ஏமாந்தவங்க சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930க்கு போன் பண்ணி புகார் குடுத்திருக்காங்க, காசு போன வழியெல்லாம் பாத்து என் அக்கவுண்டையும் சேத்து முடக்கிட்டாங்க. ஏமாந்தவங்க புகார் குடுத்தது நியாயம்தான், நான் அதைக் குறை சொல்லல. ஆனா 2,400 ரூபாய்க்காக மொத்த அக்கவுண்டும் நின்னு போச்சு, அதுலதான் பொண்ணோட காலேஜ் ஃபீஸ், சீட்டுப் பணம், தறிக்கூலி எல்லாம் இருந்துச்சு. பேங்க்ல கேட்டா எங்களுக்குத் தெரியாது, அந்த ஊர் சைபர் போலீஸ்கிட்ட கேளுங்கன்னு சொல்லிட்டாங்க, எனக்கு அந்த பாஷையும் தெரியாது. பில், கொரியர் ரசீது, வாட்ஸ்அப் சாட்டு எல்லாத்தையும் மெயில்ல அனுப்பி அனுப்பி 41 நாள் கழிச்சுத்தான் தெறந்தாங்க, அது வரைக்கும் கைமாத்து வாங்கித்தான் ஓட்டினேன்.

அதனால தனி கரெண்ட் அக்கவுண்ட், அதுல மட்டும் வியாபாரக் காசு, சாயங்காலம் ஆனா தேவைக்குப் போக மிச்சத்தை வேற அக்கவுண்டுக்கு மாத்திடுங்க. பில்லையும் கொரியர் நம்பரையும் பாக்கிங் பண்ற வீடியோவையும் ஆறு மாசமாவது அழிக்காதீங்க, கேட்வேல சார்ஜ்பேக்னு, அதாவது கட்டின காசைத் திருப்பிக் குடுன்னு பேங்க் வழியா கஸ்டமர் சண்டை போட்டாலும் அதைத்தான் கேப்பாங்க.

இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரலீங்க, நஷ்டப்பட்டுத்தான் தெரிஞ்சுது. கேட்வே கம்பெனி குடுக்கற அக்ரிமெண்ட் முப்பது பக்கத்துக்கு இங்கிலீஷ்ல இருக்கு, பத்தாவது படிச்ச பொண்ணு எப்படிப் படிக்கும்? தமிழ்ல குடுக்கச் சொல்லி உங்க பேப்பர் கேக்கணும். மாவட்டத் தொழில் மையமும் பேங்க்காரங்களும் சேந்து இளம்பிள்ளைக்கே வந்து ஒரு நாள் உக்காந்து விளக்கணும், கலெக்டர் ஆபீசுக்கு வரச் சொன்னா சேலம் போய்ட்டு வர ஒரு நாள் வியாபாரம் போயிடும். ஒண்ணே ஒண்ணு, தயவுசெஞ்சு சனிக்கிழமை வைக்காதீங்க, அன்னிக்குக் கூலி நாளு, யாராலயும் வர முடியாது.

இப்படிக்கு,
சேலை விக்கும் ஒரு வாசகி,
இளம்பிள்ளை, சேலம் மாவட்டம்.