டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பும் முன் டைமிங் கோட்டைச் சரிபாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் வாகன இணைப்பில், பழைய ஹோண்டா சிட்டி வீடெக் கார்களை வார இறுதி ஓட்டங்களுக்குத் தயார்செய்வது பற்றிய கட்டுரை வெளியாகியிருந்தது. 2000-ஆம் ஆண்டு வந்து 2003-உடன் விடைபெற்ற அந்த 1.5 லிட்டர், 106 குதிரைத்திறன் எஞ்சினுக்கு இன்றும் இத்தனை ஆர்வலர்கள் இருப்பது மகிழ்ச்சி தருகிறது. ஆனால், இழுவை குறைந்தால், பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பகிர்ந்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தி, நாக்கிங் சத்தம் (எரிபொருள் கலவை முறையின்றி வெடிக்கும் தட்டல்) கேட்கும் வரை அட்வான்ஸ் செய்து, அதாவது தீப்பொறியை முன்கூட்டியே வரச்செய்து, பிறகு சத்தம் அடங்கும் அளவுக்குச் சற்றே பின்னால் திருப்பினால் போதும் என்று அதில் சொல்லப்பட்டிருந்த யோசனையை நம்பி நடப்பவர்களின் எஞ்சின் கெட்டுப்போக வாய்ப்பு உண்டு என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

தீப்பொறி எழும் நேரத்தை, அதாவது டைமிங்கை, காதால் கேட்டு வைக்கும் பழக்கத்தை நான் ஏளனம் செய்யவில்லை. அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் ஓடிய காலத்தில் நம் மெக்கானிக்குகள் டாப் கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்ஸிலேட்டரை அழுத்திப் பார்த்து, லேசாக ஒரு தட்டல் எழுந்து அடங்கினால் டைமிங் சரி என்று முடிவு கட்டினார்கள். அழுத்த விகிதம் குறைந்த, மெதுவாகச் சுழலும் அந்த எஞ்சின்களுக்கு அது பொருந்தியது. நிமிடத்துக்கு 6000 சுற்றுகளைத் தாண்டிச் சுழலும் எஞ்சினில் நிலைமை வேறு. அந்த வேகத்தில், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க், ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் 36 டிகிரி திரும்பிவிடுகிறது. மாற்றிப் பொருத்திய சைலன்ஸரின் ஓசையில் நாக்கிங் சத்தம் ஓட்டுநரின் காதுக்கு எட்டவே எட்டாது. பிஸ்டனில் ரிங் பள்ளங்களுக்கு நடுவே உள்ள மேடு உடைந்து, சைலன்ஸரில் நீலப் புகை வந்த பிறகுதான் விஷயம் தெரியவரும். மேலும், இந்த எஞ்சினில் சுழல் வேகத்துக்கும் சுமைக்கும் ஏற்ப அட்வான்ஸைக் கூட்டிக் குறைப்பது கணினிப் பெட்டி. டிஸ்ட்ரிபியூட்டரை 4 டிகிரி திருப்பினால் ஐடிலிங்கில் மட்டுமல்ல, முழு வேகத்திலும் அதே 4 டிகிரி கூடிவிடும். அங்கே அந்த 4 டிகிரியைத் தாங்கும் இடம் இருக்கிறதா என்பதை ஐடிலிங்கில் நின்று காதால் அறிய வழியில்லை.

ஆகவே, முதல் சிலிண்டரின் பிளக் வயரில் மாட்டினால் ஒவ்வொரு தீப்பொறிக்கும் மின்னி, சுழலும் புல்லியின் கோட்டை நிற்பதுபோல் காட்டும் டைமிங் லைட் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது. லைட் இருந்தும் பல பட்டறைகளில் தவறு நேர்வதற்குக் காரணம், எந்தக் கோட்டைப் பார்ப்பது, எந்த நிலையில் பார்ப்பது என்ற தெளிவு இல்லாமைதான். அக்காலத்து ஹோண்டா எஞ்சின்களில் கிராங்க்கின் முனையில் உள்ள சக்கரமான கிராங்க் புல்லியில் மூன்று கோடுகள் நெருக்கமாகவும், ஒரு வெள்ளைக் கோடு தனியே தள்ளியும் இருக்கும். தனியே இருப்பது பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடத்தைக் காட்டுவது. மூன்றில் நடுவே உள்ள சிவப்புக் கோடுதான் டைமிங்கிற்கு உரியது. பெரும்பாலான ஹோண்டாக்களில் அது உச்சிக்கு 16 டிகிரி முன்னே அமைந்திருக்கும், 2 டிகிரி கூடலாம், குறையலாம். தம் காருக்குரிய அளவை சர்வீஸ் புத்தகத்தில் ஒருமுறை உறுதி செய்துகொள்வது நல்லது. பயிற்சிக் கூடத்தில் மாணவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்: பளிச்சென்று தெரிகிறது என்பதற்காக வெள்ளைக் கோட்டை, புல்லியை ஒட்டி எஞ்சினில் அசையாமல் நிற்கும் முள்ளுக்கு நேரே கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். தீப்பொறி 16 டிகிரி தாமதமாகி, வண்டி இழுக்காமல் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மட்டும் சூடேறிக்கொண்டிருக்கும்.

எஞ்சின் நன்கு சூடாகி ரேடியேட்டர் விசிறி ஒருமுறை ஓடி நின்ற பிறகு, ஏ.சி.யும் விளக்குகளும் அணைந்த நிலையில், டேஷ்போர்டின் அடியில் உள்ள இரு முனை சர்வீஸ் கனெக்டரைச் சிறு கம்பியால் இணைத்துவிட்டுத்தான் லைட்டை அடிக்க வேண்டும். அப்படி இணைத்தால் கணினி தன் பங்குக்கு எதையும் கூட்டாமல் அடிப்படை டைமிங்கில் நிற்கும். இணைக்காமல் பார்த்தால், ஐடிலிங்கைச் சீராக வைத்திருக்கக் கணினி நொடிக்கு நொடி செய்யும் திருத்தங்களையும் சேர்த்துத்தான் நாம் அளக்கிறோம்.

இவ்வளவும் செய்து சிவப்புக் கோடு நேராக நின்றாலும், அந்தக் கோடே உண்மை சொல்கிறதா என்ற கேள்வி மிஞ்சுகிறது. கிராங்க் புல்லி ஒரே இரும்புத் துண்டு அல்ல. அதிர்வைத் தணிப்பதற்காக உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் நடுவே ரப்பர் வைத்துச் சேர்த்திருப்பார்கள். இருபது ஆண்டு கடந்த ரப்பர் வெப்பத்திலும் எண்ணெய்க் கசிவிலும் பிடி தளர்ந்து வெளிவளையம் நழுவும்போது, அதன்மேல் உள்ள கோடுகளும் சேர்ந்து நழுவுகின்றன. முள் சரியில்லாத தராசில் எத்தனை கவனமாக நிறுத்தென்ன? இதைக் கண்டறியும் வழி எளியது. நான்கு பிளக்குகளையும் கழற்றி, பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, முதல் சிலிண்டரின் பிளக் துளையில் பிஸ்டனைத் தடுத்து நிறுத்தும் கருவியைத் திருகிப் பொருத்த வேண்டும். கிராங்க்கை ஸ்பேனரால் மெதுவாகத் திருப்பினால் பிஸ்டன் அதில் முட்டி நிற்கும். அப்போது முள்ளுக்கு நேரே புல்லியில் ஒரு குறி. எதிர்த்திசையில் திருப்பினால் மறுபடி முட்டும். அங்கே இன்னொரு குறி. இரண்டுக்கும் நட்டநடுவே உள்ள புள்ளிதான் உண்மையான உச்சி. அது தொழிற்சாலையில் இட்ட வெள்ளைக் கோட்டோடு பொருந்தாவிட்டால் புல்லியை மாற்ற வேண்டும். 150 மில்லிமீட்டர் விட்டமுள்ள புல்லியின் விளிம்பில் ஒரு டிகிரி என்பது சுமார் 1.3 மில்லிமீட்டர் என்பதால், 8 மில்லிமீட்டர் நழுவினாலே 6 டிகிரி பிழை வந்துவிடும். பின்னோக்கித் திருப்பும்போது, கிராங்க்கையும் வால்வுகளை இயக்கும் கேம் தண்டையும் இணைக்கும் டைமிங் பெல்ட் பல் தாண்டாமல் இருக்க நிதானம் தேவை. ஸ்டார்ட்டரை இந்த வேலைக்குத் தொடவே கூடாது.

கோடு நம்பகமானது என்று தெரிந்த பிறகு, அது எப்படி நிற்கிறது என்பதைக் கவனிப்பதில்தான் பழுது பார்ப்பவரின் திறமை இருக்கிறது. கோடு அசையாமல், ஆனால் தவறான இடத்தில் நின்றால், டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிச் சரிசெய்யலாம். கோடு நான்கைந்து டிகிரி முன்னும் பின்னும் ஆடினால் எவ்வளவு திருப்பினாலும் பயனில்லை. டைமிங் பெல்ட் தளர்ந்திருக்கும், அல்லது டிஸ்ட்ரிபியூட்டரின் உள்ளே பேரிங் தேய்ந்திருக்கும். மூடியைக் கழற்றும்போது துருநிறத்தில் மெல்லிய பொடி படிந்திருந்தால் பெரும்பாலும் பேரிங்தான். கிராங்க் நிலையைக் கணினிக்குச் சொல்லும் சென்சார்களும் அதே டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருப்பதால், தண்டு ஆடினால் கணினிக்குப் போகும் கணக்கும் ஆடிவிடும். கோடு ஆடாமல் அவ்வப்போது முற்றிலும் மறைந்து வந்தால் அது டைமிங் கோளாறே இல்லை. அந்தச் சுற்றில் தீப்பொறியே வரவில்லை என்று பொருள். இக்னிஷன் மாட்யூல், காயில், பிளக் வயர் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். லைட்டின் பிடியை மற்ற மூன்று வயர்களிலும் மாற்றி மாட்டிப் பார்த்தால், ஒரு சிலிண்டரில் மட்டும் விட்டுப்போகிறதா, எல்லாவற்றிலுமா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

இன்னொரு தடயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் அவற்றின் நீள்துளையில் ஏறக்குறைய நடுவில் இருக்க வேண்டும். சிவப்புக் கோட்டை நேராக்க டிஸ்ட்ரிபியூட்டரை ஓர் ஓரம் வரை தள்ள வேண்டியிருந்தால், டைமிங் பெல்ட் ஒரு பல் தள்ளி மாட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றுவது கேம் தண்டு; கேம் புல்லியில் 40 பற்கள் என்று வைத்துக்கொண்டால், ஒரு பல் தவறுவது கிராங்க் கணக்கில் 18 டிகிரி. டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பித் தீப்பொறியை மட்டும் இழுத்துப் பிடித்துவிடலாம். வால்வுகள் தவறான நேரத்திலேயே திறந்து மூடிக்கொண்டிருக்கும். லைட்டில் எல்லாம் சரியாகத் தெரிந்தும் வண்டி மேல் வேகத்தில் மூச்சு முட்டுகிறது என்ற புகாரோடு வரும் கார்களில் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

டைமிங் சரியாக இருந்தும் நாக்கிங் வந்தால் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும். எரிபொருள் பம்ப் பலவீனமாவது, பிஸ்டன் தலையில் கரி படிவது, தேவைக்கு மேல் சூடான ரகப் பிளக் போடுவது ஆகியவை வழக்கமானவை. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 முதல் படிப்படியாக நாடெங்கும் வந்துவிட்ட நிலையில், கட்டுரை இதைப் பற்றி ஒரு சொல்கூடக் குறிப்பிடாதது எனக்கு வியப்பாக இருந்தது. எத்தனால், நாக்கிங்கைத் தாங்கும் திறனைக் கூட்டுகிறது என்பது உண்மை. ஆனால் கலப்பற்ற பெட்ரோலுக்கு 1 பங்குக்கு 14.7 பங்கு காற்று என்றால், இந்தக் கலவைக்குச் சுமார் 13.5 பங்குதான். சீரான ஓட்டத்தில் ஆக்ஸிஜன் சென்சாரின் உதவியால் கணினி இதைச் சரிக்கட்டிக்கொள்ளும்; ஆக்ஸிலேட்டரை முழுதாக அழுத்தும்போது சென்சாரைப் பொருட்படுத்தாமல் பழைய கணக்கின்படியே எரிபொருளை விடுவதால், கலவை சுமார் 8 விழுக்காடு மெலிந்துவிடுகிறது. இழுவை குறைந்ததாக உணரும் உரிமையாளர், கட்டுரையின் யோசனைப்படி அட்வான்ஸைக் கூட்டினால், மெலிந்த கலவையின் சூட்டோடு முந்திய தீப்பொறியும் சேர்ந்து பிஸ்டனைத் தாக்கும்.

டிஸ்ட்ரிபியூட்டரை நீக்கிவிட்டுத் தனிக் கணினி பொருத்தியவர்களுக்கு ஒரு குறிப்பு. திரையில் 20 டிகிரி என்று தெரிவது கணினியின் நம்பிக்கை மட்டுமே. மென்பொருளில் டைமிங்கை ஓர் அளவில் பூட்டிவிட்டு, ஐடிலிங்கிலும் 4000 சுற்றிலும் லைட் அடித்துப் பார்த்து இரண்டு இடத்திலும் அதே அளவு வருகிறதா என்று உறுதி செய்ய வேண்டும். வேகம் கூடக் கூட அளவு நகர்ந்துகொண்டே போனால், காந்தவகைக் கிராங்க் சென்சாரின் இரு வயர்களும் இடம் மாறியிருக்கின்றனவா என்று முதலில் பார்க்கலாம். இந்தச் சோதனை முடியும் வரை முழு ஆக்ஸிலேட்டரில் ஒரு சுற்றுகூட ஓட்டக் கூடாது.

எனவே, அடுத்த வார இணைப்பில் அந்த யோசனையைத் திருத்தி, சர்வீஸ் கனெக்டரை இணைத்து லைட் அடிக்கும் முறையையும், பிஸ்டன் உச்சியைக் கண்டறியும் முறையையும் படத்துடன் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அது வெளிவரும் வரை, டிஸ்ட்ரிபியூட்டரை ஏற்கெனவே திருப்பிவிட்ட வாசகர்கள் வண்டியை 3000 சுற்றுக்கு மேல் விரட்டாமல், லைட் வைத்திருக்கும் பட்டறைக்கு எடுத்துச் செல்லட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மோட்டார் வாகனத் தொழிற்பயிற்றுநர் ஒருவர்,
கோயம்புத்தூர்.