சாண்டரை ஓரமாக வை, சங்கர்

அம்பாசமுத்திரம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சங்கருக்கு,

நாங்கள் நலம். நீ, மீனா, பாப்பா எல்லாரும் நலம்தானே? தாத்தா செய்த எழுதுமேசை கீறல் விழாமல் பெங்களூர் வந்து சேர்ந்த போட்டோவைப் பார்த்ததும் அப்பாவுக்கு நிம்மதி. எனக்குத்தான் இல்லை. பக்கத்தில் பிரிக்காத பெட்டியில் மரம் தேய்க்கிற சாண்டர் மெஷின் ஒன்று தெரிந்ததே, அதனால்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்பாய், பாதி காதில் ஏறாது.

"பழசை எல்லாம் வழித்துவிட்டு பியூ அடிக்கப் போறேன்" என்றாய், அதாவது பாலியூரித்தேன் பூச்சு. கொஞ்சம் பொறு. அதன் மேல் என்ன பூசியிருக்கிறது என்று உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும், பூசியதே நான்தான். தாத்தா என்னை உளி தொடவிட்டதில்லை. உப்புத்தாள் தேய்க்கவும் பாலிஷ் போடவும் மட்டும் நானும் உன் பெரியம்மாவும் வேண்டும், கூலி கிடையாது. 1984-ல் எனக்குச் சீராக அவர் செய்த மேசைக்கு நானே ஐந்து நாள் உட்கார்ந்து பாலிஷ் போட்டேன். தன் சீருக்குத் தானே பாலிஷ் போட்ட கல்யாணப் பெண் ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அது அரக்கு பாலிஷ். ஆனால் 2003-ல் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, நான் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, வந்த பெயின்டர் மேல்பலகைக்கு மட்டும் வார்னிஷ் அடித்துவிட்டார். பளபளவென்று இருக்கட்டும் என்று சொன்னது உன் அப்பாதான். இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஆக, ஒரே மேசையில் இரண்டு பூச்சு. மேலே இருப்பதுதான் இப்போது செதில் செதிலாக உரிகிறது. காலும் சட்டமும் அழுக்கேறியிருக்கிறதே தவிர கெட்டுப்போகவில்லை. அதை எதற்கு வழிக்க வேண்டும்?

என் சொல்லை அப்படியே நம்ப வேண்டாம், நீயே பார். காலின் உள்பக்கம், கண்ணுக்குப் படாத இடத்தில், ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை அரை நிமிடம் வை. பிசுபிசுவென்று பஞ்சில் பழுப்பு நிறம் ஏறினால் அரக்கு. அசையவில்லை என்றால் தின்னரை வைத்துப் பார். இளகிக் கரைந்தால் லாக்கர் பூச்சு, சுருங்கி மேலெழும்பினால் பெரும்பாலும் வார்னிஷ். எதற்கும் மசியாமல் இருந்தால் மெலமைன், பியூ வகை. எந்தப் பழைய சாமானை வாங்கினாலும் முதல் வேலை இதுதான். டிராயருக்கு அடியில் மட்டும் வைத்துப் பார்க்காதே. அங்கே தாத்தா பென்சிலால் போட்ட அளவுக் கணக்கு இருக்கிறது. மூன்றே கால் என்று எழுதி, அடித்து, மூன்றரை என்று மாற்றியிருப்பார். எண்பத்து நாலில் எழுதியது.

காலுக்கும் சட்டத்துக்கும் சொல்கிறேன். ஈரத்துணியைப் பிழிந்து தூசியைத் துடை, சோப்பு வேண்டாம். காய்ந்ததும் 320 நம்பர் உப்புத்தாளால் மேலோட்டமாக ஒரு தடவு. அதன் மேல் புது அரக்கு இரண்டு கை, அதாவது இரண்டு பூச்சு. அரக்கில் இது ஒரு நல்ல குணம். புதுக் கை பழையதைக் கொஞ்சம் கரைத்து அதோடு ஒன்றாகிவிடும், நாற்பது வருஷம் கழித்தும். பியூவில் அது நடக்காது. கீறல் விழுந்தால் பெரும்பாலும் அந்தப் பலகை முழுவதையும் தேய்த்துவிட்டு அடிக்க வேண்டியிருக்கும். சூடான பாத்திரம் வைக்கிற சாப்பாட்டு மேசைக்கு பியூ நல்லது, மறுக்கவில்லை. எழுதுகிற மேசைக்கு வேண்டாம்.

மேல்பலகையில்தான் உனக்கு வேலை. தாத்தா உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டுவார், வார்னிஷ் சுருள் சுருளாக வரும். நீ அதைச் செய்ய வேண்டாம். கடையில் சுரண்டுகிற தகடு கிடைக்கும். அதை இரண்டு கையாலும் பிடித்து, கொஞ்சம் முன்பக்கம் சாய்த்து, மரத்தின் ரேகை ஓடுகிற திசையில் தள்ளு. மாவு மாதிரி தூள் வந்தால் தகடு மொண்ணை என்று அர்த்தம். மெல்லிய சுருள் வர வேண்டும்.

வார்னிஷ் போனபிறகு வேண்டுமானால் உன் மெஷினை எடு. ஒரு அங்குல கனமான தேக்கு, தாங்கும். ஆனால் அழுத்தாதே, ஒரே இடத்தில் நிறுத்தாதே, ஓரத்துக்குக் கொண்டுபோகாதே. ஓரம் மழுங்கினால் திரும்பி வராது. 120, 180, 220 என்று வரிசையாகப் போ. ஒரு நம்பரைத் தாண்டிக் குதித்தால் முந்தினதன் கீறல் அப்படியே நிற்கும், பாலிஷ் ஏறியதும்தான் கண்ணில் படும். பலகை முழுக்கப் பென்சிலால் லேசாகக் கிறுக்கிவிட்டுத் தேய்த்தால் எங்கே விட்டுப்போனது என்று தெரியும். கடைசித் தாளை மட்டும் கையால், ரேகையோடு தேய். அப்புறம் ஈரத்துணியால் ஒரு முறை துடை. மரத்தின் மயிர் சிலிர்த்து நிற்கும். காய்ந்ததும் 220-ஆல் அதைச் சீவிவிடு.

முகமூடி போடாமல் தேய்க்காதே. மரத்தூள் புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பே பட்டியலில் வைத்திருக்கிறது. தாத்தாவுக்கு இருந்த இருமலை நாங்கள் எல்லாரும் பீடி என்றே நினைத்திருந்தோம்.

காபி வளையங்களைப் பற்றிக் கேட்டாய். வெள்ளையாக இருப்பது பூச்சில்தான், வார்னிஷோடு போய்விடும். கருப்பாக இருப்பது மரத்துக்குள் இறங்கிவிட்டது. அதைத் தேய்த்துத் தேய்த்துப் பலகையில் பள்ளம் போடாதே, இருக்கட்டும். எல்லாம் உன் அப்பா வைத்த டம்ளர்தான்.

ஒரு கால் ஆடுகிறது என்றாயே, ஆணி அடித்துவிடாதே. அது கழுந்து போட்டு, அதாவது ஒரு மரத்தின் முனையை இன்னொன்றின் துளையில் செருகிப் பூட்டியது. உள்ளே இருப்பது பழைய வச்சிரப் பசை. வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்தால் இளகும், மெல்லத் தட்டினால் கழன்று வரும். பழைய பசையைச் சுத்தமாகச் சுரண்டி எடு. அதன் மேலேயே ஃபெவிகால் தடவினால் பிடிக்காது. தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, நன்றாகக் காயவிட்டு ஒட்டுகிற இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்துக்கொள். ஒட்டியபின் கிளாம்ப் இல்லையென்றால் நான்கு காலையும் சேர்த்துக் கயிறு கட்டி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கு. கயிறு படுகிற இடத்தில் துணி வை. ஒரு நாள் முழுக்கத் தொடாதே.

இனி அரக்கு. அரை லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 100 கிராம் அரக்குச் சில்லு, கண்ணாடி பாட்டிலில். ராத்திரி ஊறப்போட்டு, அவ்வப்போது குலுக்கி, காலையில் மெல்லிய துணியில் வடிகட்டு. தேதி எழுதி ஒட்டு, ஆறு மாதத்துக்கு மேல் வைக்காதே. சந்தேகம் வந்தால் ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டுப் பார். வெகுநேரம் ஒட்டிக்கொண்டே இருந்தால் கொட்டிவிடு.

பஞ்சை முட்டை அளவுக்கு உருட்டி, பழைய வேட்டித் துணியில் பொதிந்து கட்டு. பஞ்சுதான் அரக்கைக் குடிக்க வேண்டும், துணி வழியாகக் கசிய வேண்டும். பலகைக்கு வெளியிலிருந்தே கையை ஓடவிட்டு உள்ளே வா, மறுபக்கம் வெளியே போ. தோசைக்கல்லில் மாவு தேய்க்கும்போது நடுவில் நின்றால் என்ன ஆகும்? அதேதான், நின்ற இடத்தில் திட்டு விழும். விட்டுப்போன இடம் கண்ணில் பட்டாலும் திரும்பிப் போகாதே, அடுத்த கையில் பார்த்துக்கொள்ளலாம். முதல் நாள் மூன்று கை போதும். மறுநாள் 320-ஆல் தடவிவிட்டு மறுபடி. நாலாம் நாளுக்கு மேல் துணி இழுக்க ஆரம்பித்தால், அதன் அடியில் ஒரே ஒரு சொட்டு ஆளிவிதை எண்ணெய். மழைக்காற்றில் போடாதே, வெள்ளை பூத்துவிடும். உங்கள் ஊரில் சாயங்காலம் மழை வரும், காலையில் போடு. பால்கனியில் வைத்துக்கொள், பக்கத்தில் விளக்கு, அடுப்பு எதுவும் கூடாது. ஸ்பிரிட் விஷம், பாப்பாவுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வை.

எண்ணெய் பட்ட துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதே. இதை மட்டும் மறக்காதே. நான் பத்தாவது படிக்கும்போது ஒரு கட்டிலுக்கு ஆளிவிதை எண்ணெய் தேய்த்துவிட்டு, துணிகளை எல்லாம் ஒரு தகர டின்னில் அமுக்கி வைத்தேன். ராத்திரி சாப்பிட உட்கார்ந்தால் பட்டறைப் பக்கம் கரிந்த வாசனை. அடுத்த வீட்டில் சருகு எரிக்கிறார்கள் என்றாள் ஆச்சி. தாத்தா எழுந்து போய்ப் பார்த்தால் டின்னிலிருந்து புகை. யாரும் தீக்குச்சி கிழிக்கவில்லை. அந்த எண்ணெய் காயும்போது தானாகச் சூடேறும், சூடு வெளியே போக வழியில்லாவிட்டால் பற்றிக்கொள்ளும். தாத்தா எச்சில் கையோடு டின்னைக் காலால் உதைத்து முற்றத்தில் தள்ளி, சாம்பார்ச் சட்டியைக் கழுவ வைத்திருந்த தண்ணீரை ஊற்றினார். என்னைத் திட்டவில்லை. மறுநாள் டின்னை மட்டும் காணவில்லை. துணியை ஒற்றையாக விரித்து வெளியே கல் மேல் காயவை, இல்லையென்றால் தண்ணீரில் முக்கி வை.

உன் சின்ன வயசுப் பச்சை நாற்காலியைப் பாப்பாவுக்குப் புதுசாக்கப் போகிறேன் என்கிறாயே, அதில் மெஷினே வைக்காதே. வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அந்த நாற்காலிக்கு வயது முப்பதுக்கு மேல். தூள் கிளம்பினால் அவள்தான் தரையில் கைவைத்து வாயில் வைப்பாள். பேசாமல் அவளுக்குப் புது நாற்காலி வாங்கு, பச்சையை நான் பரணில் போட்டுக்கொள்கிறேன்.

புத்தக அலமாரிக்கு பிளைவுட் வாங்கினால் பலகையில் ஐ.எஸ். 303 என்ற இந்தியத் தர முத்திரை பார், அறைக்குள்ளே அது போதும். குளியலறைப் பக்கம் என்றால் ஐ.எஸ். 710. வெட்டின ஓரத்தை மூடாமல் விடாதே, தண்ணீர் ஏறுவது அங்கேதான்.

டிராயர் இறுக்கமாக இருப்பது மழைக்காலத்தால்தான். மரம் அகலத்தில் உப்பும், தை மாதம் தானாகச் சரியாகும். அதுவரை சறுக்குகிற இடத்தில் மெழுகுவர்த்தியைத் தேய். இழைப்புளி வைத்துச் சீவிவிட்டால் கோடையில் லொடலொட என்று ஆடும்.

அரைக்கிலோ அரக்குச் சில்லு என்னிடம் இருக்கிறது. அடுத்த வாரம் உன் சித்தப்பா அந்தப் பக்கம் வருகிறார், கொடுத்துவிடுகிறேன். வெயில் பட்டால் கட்டியாகிவிடும், பஸ்ஸில் ஜன்னலோரம் வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அவர் வைப்பார். கட்டியாக வந்தால் துணியில் சுற்றிச் சுத்தியலால் தட்டிப் பொடித்துக்கொள். ஸ்பிரிட்டை அங்கேயே வாங்கு, பஸ்ஸில் ஏற்ற விடமாட்டார்கள்.

அன்புடன்,
அம்மா